தொண்டை கட்டிய ஞாயிறு

என் கணவர் இறந்து ஒரு வருடம் முடியவில்லை. வருடத் திருப்பலி கொடுக்கும்வரை சினிமா, கல்யாணம், கச்சேரி எதற்கும் போகக் கூடாது என்பது எங்கள் கன்டோன்மென்ட் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் எழுதாத சட்டம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ராக் இசைக்குழு பெங்களூருக்கு வருவதாக அறிவித்தது.

எங்கள் என்றால் எனக்கும் என் தம்பிக்கும். பள்ளி நாட்களிலிருந்து நாங்கள் பைத்தியமாக இருந்தது அந்த ஒரு குழுவின் பாட்டுக்குத்தான். தவக்காலம் வந்தால் அப்பா டேப் ரெக்கார்டரை அலமாரி மேல் தூக்கி வைத்துவிடுவார். அப்போதும் நாங்கள் விட்டதில்லை. தம்பி வாயாலேயே கிட்டார் வாசிப்பான், நான் பிஸ்கட் டின்னைத் தட்டுவேன்.

டிக்கெட் வாங்கிய பிறகுதான் தம்பிக்குப் பயம் வந்தது. அல்சூரில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வித்துடட்டுமா? எல்லாரும் வாயில போட்டு மெல்லுவாங்க. நீ வேற சர்ச்ல வாசகம் படிக்கிறவ."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்த் திருப்பலியில் பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகம் என்னுடையது. கணவர் போன பிறகு என் குரலை நாலு பேர் நிமிர்ந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனமில்லை. கச்சேரி சனிக்கிழமை, மறுநாள் என் முறை.

"வித்தேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்," என்றேன்.

விஷயம் எப்படியோ பரவி, எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவி என் வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார்.

"வருஷம் திரும்பலியேம்மா. அவரு ஆத்துமா என்ன நெனைக்கும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கணவருக்கு அந்த இசை பிடிக்காதுதான். கதவைச் சாத்திக்கொண்டு கேள் என்பார். ஆனால் கேட்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. உயிரோடு இருந்தவரை அவர் சொல்லாததை, அவர் பெயரில் சொல்ல இவர்கள் யார்?

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன் ஆன்ட்டி," என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த மைதானத்தில் முட்டி வலியோடு நின்றேன். காலேஜ் பிள்ளைகள், "ஆன்ட்டி, முன்னாடி வாங்க," என்று வழி விட்டார்கள். பாடகருக்கு முடி நரைத்திருந்தது. உச்சத்துக்குப் போகும் இடங்களில் மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார். அதனால் என்ன, அந்த உச்சத்துக்கு நாங்கள் கத்திக்கொண்டே போனோம். எங்கள் பாட்டு ஆரம்பித்தபோது என் கையில் பிஸ்கட் டின் இல்லை, தம்பியின் முதுகு இருந்தது. அதில் தாளம் தப்பாமல் அடித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழுதேன், சந்தோஷமாகவும் இருந்தேன். இரண்டும் ஒன்றாக வரக் கூடாது என்று எந்த மறைக்கல்வி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தம்பி எடுத்த போட்டோவை அங்கேயே நின்று என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஒளித்து வைக்க நான் ஒன்றும் திருடவில்லை.

காலையில் எழுந்தால் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. கோவிலுக்குள் நுழைந்ததும் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ட கட்டிருக்கே. நான் படிச்சுடறேன். நீ கொஞ்ச நாளு ரெஸ்ட் எடும்மா."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

"என் முறை ஆன்ட்டி. நான்தான் படிப்பேன்."

படித்தேன். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரு சத்தம் மைக்கில் வந்தது. ஏன் கட்டியது என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். நான் வேகம் கூட்டவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன்.

வாசகம் முடிந்ததும் சபை முழுவதும் சேர்ந்து இறைவனுக்கு நன்றி சொல்வது முறை. ஒரு கணம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, என் குரலைவிட மோசமாக உடைந்த ஒரு குரல் உரக்க நன்றி சொன்னது. தம்பிதான். அதன் பின்னால் கோவில் மொத்தமும் சொன்னது.

முதல் வரிசையில் இருந்த தலைவியும் சொன்னார். சொல்லித்தானே ஆக வேண்டும்.