வேறு மண்ணுக்கு எழுதிய அட்டை

மண் பரிசோதனை என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே சார், உங்களைத்தான் சொல்கிறேன். காதர் பாயின் கீரை வயலைக் கெடுத்தது நீங்கள். உரக்கடைத் தொழிலே ஒரு பேஜார். மூட்டையை விற்றால் கொள்ளைக்காரன், விற்க மாட்டேன் என்றால் பதுக்கல்காரன். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, நீங்களும் இந்தப் பேச்சு வாங்கியிருப்பீர்கள்.

கொடுக்க மாட்டேன்

பொழிச்சலூர் பக்கம் குத்தகை நிலத்தில் கீரை போடுகிறவர் காதர் பாய். எட்டு வருஷமாகக் கோழி எருவும், பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி. உரமும் கொட்டிய மண். விற்றவன் நான்தான், மறைப்பானேன். கீரை எடுத்துக்கொள்வது கொஞ்சம். மிச்ச மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்டிக் கிடக்கும். ஆனால் பாய் நீட்டிய உங்கள் மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து மிகக் குறைவு என்று எழுதி, சீல் குத்தியிருந்தது. மூன்று மூட்டை டி.ஏ.பி. கேட்டார். முடியாது என்று கத்தினேன். மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன், எனக்கு மெதுவாகப் பேச வராது. பாய் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இன்னா மொதலாளி, சீலு குத்தி எய்திக் குடுத்துகீறாங்கோ, நீ மட்டும் பெரிய டாக்டரா?"

குட்டைப் பச்சை

வேறு கடையில் வாங்கிப் போட்டுவிட்டார். அடுத்த விதைப்பில் முளைக்கீரை ஒரு சாண் தாண்டவில்லை. நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். மணிச்சத்து அளவு மீறினால் செடியால் துத்தநாகத்தை எடுக்க முடியாது. முன்பு ஒரு வெண்டைக்காரரிடம் ஏச்சு வாங்கிக் கற்றுக்கொண்ட பாடம் இது. பாய் நம்பவில்லை. சத்து பத்தவில்லை என்று இன்னொரு மூட்டையை மேலாகத் தூவினார். மறுநாளே மழை. பாதி உரம் மண்ணோடு கரைந்து வாய்க்கால் வழியாகக் குட்டைக்குப் போய், அது பாசி பிடித்துக்கொண்டது. வயலுக்கே வந்து கட்டு வாங்கும் கீரைக்கார அக்கா, ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பாய், உன் கீரையவிட அந்தக் குட்டை நல்லா பச்சையா கீது, அத்த அறுத்துக்கினு வா, வாங்கிக்கறேன்."

ரோட்டோரம்

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட்டையில் குறைவு என்று எப்படி வரும்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், நீங்கள் மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று பாயின் மனைவி பாத்திமா அக்காவைக் கேட்டேன். ரோட்டோர வரப்பைக் காட்டினார். பக்கத்து மனையை மேடாக்க லாரியில் வந்து சரிந்த மொரம்பு, வெறும் சரளை மண் அது. பயிரும் பார்க்காதது, உரமும் பார்க்காதது.

"வயல்ல சேறா கீது, ஷூ கெட்டுப்பூடும்னு சொல்லி, வண்டில குந்திக்கினே அள்ளிக்கினு பூட்டாரு அண்ணா."

ஒரு தவணை

நிலத்துக்காரர் நாவலூரில் ஒரு துண்டு விற்று ருசி கண்டவர். வெளுத்த கீரையைப் பார்த்ததும் நிலத்தை விடச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து அரைமணி நேரம் பேரம் பேசினேன். பாய்க்கு இன்னும் ஒரு விதைப்பு கிடைத்தது.

"சரி, இந்த ஒரு தடவை பார்க்கறேன், கீரை வரலைன்னா காலி பண்ணிடுங்க பாய், பிளாட் போடறவங்க டெய்லி ஃபோன் பண்றாங்க."

பாய் இன்னமும் அட்டையைத்தான் நம்புகிறார். ரோட்டோரமானாலும் நம்ம வரப்புதானே என்கிறார். நான் சொன்னால் கோபக்காரன் பேச்சு, நீங்கள் சொன்னால் சீல். விதைப்பதற்குள் வாருங்கள், வயலுக்குள் இறங்கி நாலைந்து இடத்தில் தோண்டுங்கள், புது அட்டை எழுதி, டி.ஏ.பி. வேண்டாம் என்று உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். உரம் வாங்காதே என்று உரக்கடைக்காரனே தொண்டை கிழியக் கத்தும் காலத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள் என்பதால், அதைச் சரிசெய்ய வேண்டியவரும் நீங்கள்தான் சார்.