படகில் திருத்திய பாடம்

சுகாதாரப் பரிசோதகராக இருந்த காலத்தில், இலங்கையின் கற்பிட்டியிலிருந்து பக்கத்து மீனவத் தீவுக்குப் போகும் காலைப் படகில் நானும் போய்வந்தேன். தீவுப் பள்ளியின் ஒரே ஆசிரியையும் அதில்தான் வருவார். கறுப்பு அபாயா, உப்புத்தண்ணீர் படாமல் ஷொப்பிங் பையில் சுற்றிய போன். செயற்கை நுண்ணறிவிடம் அன்றைய பாடத்தைக் கேட்டு வாங்கி, படகிலிருக்கும் மீனவர்களுக்கு உரக்க வாசிப்பார். அவர்கள் சிரித்த இடத்தை அழித்துவிடுவார்.

ஒருநாள் கணக்கொன்று வந்தது. “வாப்பா சந்தையில் மூன்று கிலோ மீன் வாங்கினார்.”

படகே சிரித்தது.

“கடலுக்குப் போற வாப்பா மீனைக் காசுக்கு வாங்கிட்டு வந்தா உம்மா ஊட்டுக்குள்ளயே எடுக்கமாட்டா டீச்சர்” என்றார் படகோட்டி.

ஆசிரியையும் சிரித்துக்கொண்டே மீனை வெங்காயமாக மாற்றினார்.

“இவ்வளவு பிழை விடுறதுக்கிட்ட ஏன் டீச்சர் கேக்குறீங்க?” என்றேன்.

“ஸ்கூல்ல நான் ஒராள்தானே. இன்னொரு டீச்சர் இருந்தா, இது சரிவராதுண்டு சண்டை புடிச்சாவது கதைக்கலாம். இப்ப இதோட கதைக்கிறேன்.”

இப்போது கொழும்பு அலுவலகத்தில் என் அறிக்கைகளை நானும் அதனிடம்தான் கேட்டு வாங்குகிறேன். சுத்தமாக எழுதித் தருகிறது. பக்கத்தில் சிரிக்க யாருமில்லாததால், எதை அழிப்பதென்றுதான் தெரிவதில்லை.