சாயம் ஏறாத கல்

முதலிபாளையத்தில் மழை. காலையில் காங்கயம் பக்கம் கிணறு வெட்டிய மண்ணில் பொறுக்கிய நீல நிறக் கல் என் கையில் இருக்கிறது. கண்ணாடியைக் கீறுகிறது, அதனால் பாட்டில் துண்டு இல்லை. அயோலைட் என்ற அபூர்வ ரத்தினம் என்றால், திருப்பினால் நிறம் மாற வேண்டும். பார்க்க வெளிச்சம்தான் இல்லை.

மழைக்கு நான் ஒதுங்கி நிற்கும் பனியன் கம்பெனியில் துணிக்கு ஷேடு பார்க்கும் விளக்குப்பெட்டி எரிகிறது. செக்கிங் செய்யும் அக்காவிடம் கல்லை நீட்டுகிறேன், "இதுல கொஞ்சம் பாத்துக்கட்டுமா?"

"குடுங்க, நானே பாக்கறனுங்க."

துணியைப் புரட்டுவதுபோல் புரட்டுகிறார்.

"இந்தப் பக்கம் ஊதா நல்லா இருக்குதுங்க. இந்தப் பக்கம் சாயமே ஏறலீங்களே! ஒரே பீஸ்ல ரெண்டு ஷேடு. ரிஜெக்ட்டுங்க."

பழக்கதோஷத்தில், வெளிறிய பக்கத்தில், துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரையும் ஒட்டிவிடுகிறார்.

பாய்ந்து வாங்கிப் பார்க்கிறேன். ஊதா. அம்பு இருக்கும் பக்கம் திருப்பினால் கஞ்சித்தண்ணி போல வெளிர் மஞ்சள். அயோலைட்டேதான்! நின்ற இடத்திலேயே குதிக்கிறேன்.

"ஏனுங்க, ரிஜெக்ட்டுன்னா ஆராச்சும் இப்படிக் குதிப்பாங்களா?"

ஸ்டிக்கரைப் பிய்க்க மனமில்லை. பார்க்க வேண்டிய பக்கத்தைத்தான் அந்த அம்பு காட்டுகிறது.