தெளிந்த செம்பனை

நாற்பது ஆண்டுகள் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவருக்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒரு ரோஜாத் தொட்டியைக்கூடப் பிழைக்கவிடாத நான், செம்பனை நடுவது எப்படி என்று பாடம் எடுத்திருக்கிறேன். சாட்சியாக என் மேசைமேல் இரண்டு காய்ந்த பழங்கள் இருக்கின்றன. ஒன்று ஒழுங்கானது. மற்றொன்று சுற்றிலும் விரல் விரலாகச் சதை முளைத்து, உள்ளே கொட்டை இல்லாதது.

அவர் என் மாமனார். ஓய்வுக்குப் பிறகு நிபோங் திபாலில் இருந்த மூன்று ஏக்கரை நம்பித்தான் அவர் வீடு நடந்தது. அதில் மறுநடவு செய்யவிருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் போத்தலுக்குள் வளர்க்கும் கன்றுகளைப் பற்றி நான் எங்கோ படித்திருந்தேன். நன்றாகக் காய்க்கும் மரத்தின் ஒரு துணுக்கிலிருந்து ஆயிரம் கன்று. "அதே மரந்தான் மாமா, போட்டோஸ்டாட் எடுத்த மாதிரி," என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவரு சொல்றீங்க, ஒரு ஏக்கர் வச்சிப் பாப்போம்லா," என்றார். மற்ற இரண்டு ஏக்கரிலும் வழக்கமான விதைக்கன்றுகளையே நட்டார்.

மூன்றாம் ஆண்டு குலை தள்ளியது. ஒரே ஒரு பழத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். "இது என்னா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழுந்து விழுந்து படித்தேன். விசித்திரம் என்னவென்றால், கன்றுக்கு வந்த தாய்மரத்தின் மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் நடுவே வாய் திறக்கக்கூடாத துண்டுகள் உண்டு. மெல்லிய வேதிக் குறிகளை ஒட்டி மரம் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. போத்தலுக்குள் வளர்ந்த காலத்தில் ஒரு துண்டின் குறி உதிர்ந்துவிட்டது. அது விழித்துக்கொள்ள, பூவை உருவாக்கும் மரபணு தடுமாற, பழம் இப்படி ஆயிற்று. எதைப் படிக்காமல் விடவேண்டும் என்பதையும் தாய்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

"வெட்டிடாதீங்க மாமா, சில மரம் வருஷக்கணக்குல தானா தெளியுமாம்."

"எப்ப தெளியும்?"

நான் அச்செடுத்து வைத்திருந்த தாள்களைப் புரட்டினேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

நான்கு ஆண்டு கழித்து, ஒரு தீபாவளிக்குப் போனபோது, என் உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்தார். கொட்டை, சதை எல்லாம் ஒழுங்கு.

"தெளிஞ்சிடுச்சா மாமா?"

"அதே ஏக்கர்ல காய்ச்சதுதான் மாப்ள."

ஜன்னல் வழியே அந்த ஏக்கர் தெரிந்தது. நான் பழத்தையே பார்த்தபடி அரைமணி நேரம் பேசினேன். "அப்ப மரத்துக்கும் பழசு ஞாபகம் வருமோ?" என்று நடுவில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இரண்டு பழங்களையும் அருகருகே வைத்துப் பத்திரப்படுத்தினேன்.

போன ஆண்டு அவர் காலமானார். கருமாதிக்கு வந்தவர்களிடம், புத்தி தெளிந்த செம்பனையின் கதையைச் சொன்னேன். வெளியே நிறுத்தியிருந்த என் காடி வரை கொண்டுவிட வந்த மைத்துனன், கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அந்தப் போத்தல் மரத்தையெல்லாம் அப்பா அந்தக் கெட்ட பழம் கொண்டாந்த வருஷமே சாய்ச்சிட்டாரு. இப்ப நிக்கிறது அதே எடத்துல மறுபடி நட்ட சாதாரண கன்னு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. ஆனா பக்கத்து ஏக்கர் மரத்துல பாதி உயரந்தானே இருக்கு, நீங்க அண்ணாந்தே பாக்கலயா?"