நாலு கதவு வண்டியும் ஒரு கதவும்

கதவுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் வாசல் கதவை ஒரு தடவை திறந்து ஒரு தடவை சாத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். சாத்தும்போது காதைக் கதவுப் பக்கம் கொடுப்பார். கீல் முனகினால் இவருக்குப் பல் கூசும். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இதைச் செய்தார். அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "காத்தா அடிக்குது?" என்று கேட்டார்.

மச்சானின் மரப்பட்டறையில் அவருக்குப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பட்டறைக்கு முதலாளி, பேச ஆரம்பித்தால் ரம்பத்துக்கே ஓய்வு கொடுக்கிற ஆள். அங்கே கட்டில், அலமாரி, மேஜை எல்லாம் செய்வார்கள். கதவு மட்டும் இவர் கை. கதவு இவருடையது, கதவின் மேல் ஒட்டுகிற பெயர்ச்சீட்டு மச்சானுடையது. பதினாறு வருஷமாக இவர் கதவு செய்வார், மச்சான் அதைத் தட்டிக் காட்டி, "நம்ம கைவேலை எப்படி?" என்பார்.

தனியாகப் போய்விட வேண்டும் என்பது இவர் ஆசை. அந்த ஆசையை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தச்சுப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "கதவு வேலை மட்டும். நேரில் வந்து அளந்து செய்து தரப்படும்." கீழே போன் நம்பர். எழுத்தெல்லாம் ரூலர் வைத்துப் போட்டது. "ம" மட்டும் கொஞ்சம் குண்டாக இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததில் சலவைக்காரரே ரெண்டு தடவை படித்திருக்கிறார்.

தனியாகப் போக வேண்டுமென்றால் வண்டி வேண்டும். முன்னால் ரெண்டு கதவு, பின்னால் நீளத் தொட்டி. ஆறேழு கதவை அடுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். வண்டி வாங்கப் போவதை வீட்டில் சொன்னதுதான் முதல் தப்பு. ஷோரூமுக்கு மனைவி வந்தாள். மகள் வந்தாள். வண்டி வாங்கத் தெரிந்தவன் ஒருத்தன் வேண்டாமா என்று மச்சானும் வந்தார்.

மச்சான் ரெண்டு கதவு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மாப்பிள்ளை, இதுல என் தங்கச்சி எங்க உட்காரும்? ஆணி மூட்டை மேலயா?"

"மூணு பேர் நெருக்கி உட்காரலாம் மச்சான்."

"நெருக்கியா! பாப்பா வளர்ற பொண்ணு. நாளைக்குக் காலைக் கழட்டித் தொட்டியில போடுவீங்களா?"

பாப்பாவுக்கு வயது பதினாலு. அவள் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

விற்பனையாளர் சட்டென்று நடுவில் புகுந்து, பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியைக் காட்டினார். "நாலு கதவு சார். குடும்பமும் போகும், சரக்கும் போகும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் கதவுக்காரர் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், கையும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. சாத்தினார். டப். அடுத்ததைச் சாத்தினார். அதே டப். கொஞ்சமும் அதிர்வில்லை, கீச்சென்ற ஒலியில்லை. நாலையும் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது மனுஷர் முகம் போன போக்கே வேறு. அவ்வளவுதான், ஆள் காலி.

அளக்கவில்லையா என்று கேட்கக்கூடாது. அளந்தார். தொட்டியின் பின்பலகையைக் கீழே இறக்கி, அதில் ரிப்பன் கட்டி அழகாக வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் விளிம்பு வரைக்கும் டேப்பை இழுத்து, "ஆறே கால்" என்றார். வீட்டுக்கு வந்து மகள் பலகையைத் தூக்கிச் சாத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. திரும்ப அளந்தார். நாலரை அடி. ஏழடிக் கதவு செய்கிற மனுஷர் நாலரை அடித் தொட்டி வாங்கியிருந்தார். பலகையை இறக்கிவிட்டே ஓட்டினால் வண்டி எண் தரையைப் பார்க்கும், போலீஸ் இவரைப் பார்க்கும். ஊரில் யார் தப்பாக அளந்தாலும் திருத்திக் கொடுக்கிறவர் தொட்டிக்குள் உட்கார்ந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா," என்றாள் மகள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அவளேதான் பழைய மெத்தை உறையில் பஞ்சைத் திணித்துத் தைத்து, வண்டியின் கூரை மேல் கட்டிவிட்டாள். கதவின் தலையை அதில் சாய்த்து, காலைத் தொட்டியில் ஊன்றினால் சேதாரமில்லாமல் போகும். ஒரு தடவைக்கு ஒரு கதவுதான். ஏணி சாய்த்த மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான கூத்து. நாலு கதவு இருக்கிற வண்டியில் இடமில்லை என்று சொல்ல முடியாது. மனைவியின் சித்திக்கு முழங்கால் வலி, வாரம் ரெண்டு நாள் மருத்துவமனை. மச்சானின் மனைவிக்குத் தையல் வகுப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பழுது. தொட்டியில் பெட்டி, உள்ளே பெட்டியின் குடும்பம். "வண்டி சும்மாதானே நிக்குது" என்று சொல்லிக்கொண்டே நிற்கவிடாமல் ஓட்டினார்கள். மகள் அதற்கு டவுன் பஸ் என்று பேர் வைத்தாள். நிறுத்தம் வந்தால் "இறங்குறவங்க இறங்கலாம்" என்று கத்துவாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி மச்சானிடமிருந்து வந்தது. பட்டறைச் சரக்குக்கு வாடகை வண்டி பிடிப்பதையே அவர் நிறுத்திவிட்டார். "நம்ம வண்டி இருக்கும்போது எதுக்கு மாப்பிள்ளை?" பட்டறையை விட்டுப் போகத்தான் இவர் வண்டி வாங்கினார். அந்த வண்டியே இவரைப் பட்டறையோடு சேர்த்துத் திருகிவிட்டது. வெள்ளைத் தாள் இப்போது ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வெயிலுக்கு மடக்குகிற பலகையின் பின்னால் இருந்தது. எடுத்துக் காட்ட நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்தால் பின்சீட்டில் ஆள் இருந்தது.

அந்த ஆட்களில் மிகச் சின்னவள் மச்சானின் பேத்தி, நாலு வயசு. போகிற வண்டியில் ஒருநாள் பின்கதவைத் திறந்துவிட்டாள். இன்னொரு நாள் ஜன்னல் வழியாக ஒற்றைச் செருப்பை ரோட்டுக்குத் தானம் கொடுத்தாள். கதவுக்காரர் அன்றே பின்கதவுகளின் ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டை, சைல்டு லாக் என்பார்களே, அதைத் திருப்புளி முனையால் தட்டிவிட்டார். இனி உள்ளேயிருந்து திறக்காது, வெளியிலிருந்துதான் திறக்கும். ஜன்னலையும் ஓட்டுநர் பக்கமிருந்து பூட்டினார். ரெண்டு தடவை சோதித்து, "பிரமாதம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரம்மா வந்தார். பட்டறைக்கு இல்லை, நேராக இவரிடமே. புது மருத்துவமனைக்கு ஆறு கதவு. "உங்க கதவு ஒண்ணு என் அக்கா வீட்டுல இருக்கு. பத்து வருஷமா ஒரு சத்தம் போடலை. முதல்ல ஒண்ணு செஞ்சு மாட்டுங்க, பார்த்துட்டு மிச்சத்தையும் தர்றேன்." பதினாறு வருஷத்தில் பெயர்ச்சீட்டைத் தாண்டி இவரைத் தேடி வந்த முதல் ஆள். வீட்டுப் பின்கட்டில் காலை நேரங்களில் அந்தக் கதவைச் செய்தார். இழைத்த மரச்சுருளைக்கூடத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

வியாழக்கிழமை கொண்டுபோக வேண்டியது. சித்தியின் முழங்கால் குறுக்கே வந்தது. வெள்ளிக்கிழமை மச்சானின் பலகைச் சுமை. டாக்டரம்மா போனில் கத்தவில்லை, மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குப் பன்னிரண்டரைக்குத் தரைக்கு டைல் ஒட்டுறவங்க வர்றாங்க. ஒட்டிட்டா ரெண்டு நாள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அதுக்குள்ள கதவு நிலைச்சட்டத்துல ஏறணும். இல்லேன்னா கடையில ரெடிமேடா ஆறும் வாங்கிக்கறேன். வருத்தப்படாதீங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கதவை ஏற்றிக் கட்டிவிட்டார். சாவியை எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், ஓட்டுநர் இருக்கையில் மச்சான். பக்கத்தில் அவர் மனைவி. பின்சீட்டில் பேத்தி.

"வழியில ஒரே ஒரு வீடு மாப்பிள்ளை. அலமாரிக்கு அளவு எடுக்கணும். நான் ஓட்டுறேன், நீங்க இந்த வாலுக்குட்டியைப் பிடிச்சுக்கோங்க. ஆமா, மேல என்ன கதவு?"

"அது... ஒரு தெரிஞ்சவங்களுக்கு."

"நல்லது, நல்லது. ஏறுங்க."

ஏறினார். டப்.

ஒரே ஒரு வீடு மூன்று வீடானது. மூன்றாவது வீட்டு வாசலில் மணி பதினொன்று பத்து. "ரெண்டே நிமிஷம். குட்டி தூங்குது, ஏசி ஓடட்டும்," என்று இன்ஜினை நிறுத்தாமல் மச்சான் இறங்கினார். வீடு அழகாக இருக்கிறதென்று அவர் மனைவியும் பின்னாலேயே போய்விட்டாள்.

கதவுக்காரர் மடியில் பேத்தியின் தலை. வாயோரம் எச்சில் ஒழுகி இவர் வேட்டி நனைந்துகொண்டிருந்தது. பதினொன்று இருபது. அந்த வீட்டு ஜன்னலுக்குள் மச்சான் கையை நீட்டி நீட்டிப் பேசுவது தெரிந்தது. ஒரு தட்டில் காபி போனது. இவர் பின்கதவின் பிடியை இழுத்தார். சும்மா வந்தது. மறுபக்கம் இழுத்தார். அதுவும் சும்மா. ஜன்னல் பொத்தானை அழுத்தினார். அது இவரை மதிக்கவே இல்லை. தான் போட்ட பூட்டு தன்னையே பிடித்ததில், ஒரு தொழிலாளியாக அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. மனுஷனாக அழுகை வந்தது. பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு கை தூரத்தில் அந்தக் கதவு வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

பதினொன்று இருபத்தைந்து. கத்தலாம், குழந்தை விழிக்கும். காத்திருக்கலாம், அதில்தான் அவருக்குப் பதினாறு வருஷ அனுபவம். அப்போதுதான் முன்னால் பார்த்தார். ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தப் பக்கம் ஸ்டியரிங். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பேத்தியின் தலையைச் சீட்டில் மெதுவாக வைத்தார். அவளைப் பெல்ட்டில் மாட்டினார். பிறகு தலையைச் சந்துக்குள் விட்டார். தோள் மாட்டிக்கொண்டது. ஒருக்களித்தார், தோள் வந்தது, இடுப்பு மாட்டிக்கொண்டது. கியர் தடி விலாவில் குத்தியது. ஒரு கால் கூரையைத் தொட, முழங்கை ஹாரனை அழுத்த, வண்டி "பீம்" என்று அலறியது.

பேத்தி கண்ணைத் திறந்தாள். "தாத்தா, ஏன் தலைகீழாப் போறீங்க?"

"வேலைக்குப் போறேன்டா கண்ணு."

"எல்லாரும் இப்படித்தான் போவாங்களா?"

"சில பேர்."

வீட்டு ஜன்னலில் மச்சான் காபியோடு எட்டிப் பார்த்தார். வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்து, என்ன ஏதென்று புரியாமல், பழக்கத்தில் கையை ஆட்டி டாட்டா காட்டினார்.

பன்னிரண்டு இருபதுக்குக் கதவு நிலையில் ஏறியது. பேத்தி திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள், ஒன்றை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்து கதவை ஒரு விரலால் தள்ளினார். அது போய் மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. தரை ஒட்டுகிறவர்கள் பசை வாளியோடு வெளியே நின்றார்கள்.

"மிச்சம் அஞ்சும் நீங்களே," என்றார் டாக்டரம்மா. "அடுத்த வாரத்துக்குள்ள முடியுமா? பகல்ல வருவீங்களா, இல்ல பட்டறை நேரம் போகத்தானா?"

"பகல்ல," என்றார் கதவுக்காரர்.

திரும்பப் போனபோது மச்சான் தம்பதி வெயிலில் வாசலில் நின்றார்கள். வெயில்ல நின்னது நான்தான் என்று மச்சானின் மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மச்சான் பின்னால், கருவிப்பெட்டிக்குப் பக்கத்தில். பட்டறை வரைக்கும் அவர் விடாமல் திட்டினார். குழந்தையைக் கடத்திட்டுப் போனவன் என்றார், வாடிக்கைக்காரங்க வீட்டுல மானத்தை வாங்கிட்டீங்க என்றார். பட்டறை வாசலில் வண்டி நின்றது. மச்சான் கதவை இழுத்தார். வரவில்லை.

"என்ன இது?"

"குட்டிக்காகப் போட்ட பூட்டு மச்சான். வெளியிலேர்ந்துதான் திறக்கும்."

மச்சானின் மனைவி இறங்கினாள். பேத்தியை முன்பக்கமாக வாங்கிக்கொண்டாள். பின்கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பேசிட்டு வாங்க," என்று கதவுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேச வேண்டியதுதான். கதவுக்காரர் தலைக்கு மேலிருந்த பலகையை மடக்கி, தாளை எடுத்து, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் நீட்டினார். மச்சான் கண்ணாடி போட்டுப் படித்தார். ரெண்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"இது யார் நம்பர்?"

"என்னோடது."

"'நேரில் வந்து அளந்து.'" மச்சான் மூக்கால் சிரித்தார். "தொட்டியவே அளக்கத் தெரியலை!"

"ஆமா மச்சான். இனிமே பின்பலகையைச் சாத்திட்டு அளப்பேன்."

ஏசி நின்றுபோன வண்டிக்குள் புழுக்கம் ஏறியது. மச்சான் வெளியே பட்டறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இவர் செய்ததுதான்.

"பதினாறு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாப்பிள்ளை?"

"நீங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். "அப்ப திங்கக்கிழமை பலகைச் சுமை?"

"வாடகை வண்டி சொல்லிக்கோங்க."

"சரி, சரி. முதல்ல கதவைத் திறங்க. வெந்துட்டேன்."

இவர் இறங்கிப் போய்த் திறந்துவிட்டார். மச்சான் இறங்கினார், வேர்வையைத் துடைத்தார், தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது என் தாளு மச்சான்."

"இருக்கட்டும். கதவு கேட்டு ஆள் வந்தா எங்க அனுப்புறது?" என்று கோபமாகவே சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சித்தி, சித்தியின் தோழி, ரெண்டு பை. "என்னங்க, நல்ல வேளை வந்தீங்க," என்றாள் மனைவி. சித்தி இவரைக் கேட்காமலேயே பின்சீட்டில் ஏறி, காலை நீட்டி, முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கதவுக்காரர் ஒரு பெருமூச்சோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தலைக்கு மேலிருந்த பலகையை மடக்கிப் பார்த்தாள். தாள் இல்லை.

"சொல்லிட்டீங்களா?" என்று காதோடு கேட்டாள்.

"ம்."

"அப்போ பின்கதவுப் பூட்டை எடுத்துடலாமாப்பா?"

அவர் கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "இன்னும் ஒருத்தர்கிட்ட சொல்லணும்."