ஆனைக்குளத்துல நான் பை பாத்துக்காத நாள்

எங்க வீட்ல யாரு எங்க கெளம்பினாலும் எனக்கு ஒரு உத்தியோகம் தயாரா இருக்கும். பை பாத்துக்கறது. கோயிலா இருந்தா செருப்பையும் சேத்துப் பாத்துக்கறது. இளம்பிள்ளை வாதம் வந்து எனக்கு இடது கால் சூம்பிப் போச்சு. இவளால படி ஏற முடியாது, எறங்க முடியாது, ஒரு எடத்துல உக்காரட்டும்னு சின்ன வயசுலயே யாரோ முடிவு பண்ணிட்டாங்க. யாருன்னு கேட்டா இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்கறது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

எங்க ஊரு செஞ்சி பக்கத்துல சிங்கவரம். மலைமேல பெருமாள் நிம்மதியா படுத்துக்கிட்டு இருப்பாரு, நான் அடிவாரத்துல செருப்புங்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு இருப்பேன். மகாபலிபுரம் போனாலும் அதே கதைதான். கூடவே அம்மாவும் உக்காந்துக்கும். "எனக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க" அப்படின்னு சொல்லும். முட்டி வலி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிலேர்ந்தே அம்மா அதைச் சொல்லிக்கிட்டுதான் இருக்குது.

இத்தனைக்கும் நான் ஒண்ணும் மூலையில முடங்கிக் கெடக்கறவ இல்ல. செஞ்சி பஜார்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். சைடு வீல் போட்ட ஸ்கூட்டியை நானே ஓட்டிக்கிட்டு வந்து, நானே ஷட்டரைத் தூக்கறேன். பட்டா நகல் எடுக்க வர்றவங்ககிட்ட நான் வாயாடறதைப் பாத்துட்டு அம்மா சொல்லும், "காலுக்குப் போக வேண்டியதெல்லாம் இவளுக்கு வாய்க்குப் போயிடுச்சு." போகட்டுமே, எங்கயாவது போய்த்தானே ஆகணும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, சென்னையில இருக்கிற அண்ணன் கார் எடுத்துக்கிட்டு அண்ணியோடயும் பொண்ணோடயும் வந்தான். காலேஜ்ல படிக்கிற அந்தப் பொண்ணு போன்ல எதையோ பாத்துட்டு, "அத்தை, உங்க ஊரு கோட்டைக்குள்ள ஸ்டெப்வெல் இருக்குதாமே, போலாமா?"ன்னு கேட்டுது. எங்களுக்கு அது ஆனைக்குளம். ராஜா காலத்து ஆனைங்களைக் குளிப்பாட்டுன கொளம்னு சொல்லுவாங்க. நாலு பக்கமும் கருங்கல் படி. கோட்டை நிழல்லயே கடை வெச்சிருக்கேன், அந்தக் கொளத்துத் தண்ணிய நான் பாத்ததில்ல. மேல நின்னா பாதிப் படிதான் தெரியும். அன்னிக்குக் காலையில புளிசோறு கட்டும்போதே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இன்னிக்கு எறங்கறதுன்னு. வெளிய சொல்லல. சொன்னா ஆளுக்கொரு நியாயம் பேசுவாங்க.

கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டு நான் கொளத்தங்கரைக்குப் போய்ச் சேரறதுக்குள்ள மத்தவங்க முன்னாடியே போய் நின்னுக்கிட்டு இருந்தாங்க. வேப்பமரத்துக்குக் கீழ அண்ணி எடம் பாத்து வெச்சிருந்தாங்க. சோத்து மூட்டை, தண்ணி கேன், அண்ணியோட ஹேண்ட்பேக் எல்லாம் வரிசையா எறங்குச்சு. "பாப்பா, கொஞ்சம் பாத்துக்கோ, குரங்கு தொல்லை இருக்குது"ன்னு அண்ணன் சொன்னான். எனக்கு நாப்பது வயசு தாண்டிடுச்சு, இன்னும் பாப்பாதான். மூணு பேரும் கிடுகிடுன்னு எறங்கிப் போயிட்டாங்க. அம்மா வழக்கம்போல என் பக்கத்துல வந்து உக்காந்து முட்டியைத் தடவுச்சு.

அப்பக்கூட எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கீழேர்ந்து அண்ணன் கத்தினான் பாரு, அதுலதான் அந்தத் தயக்கமெல்லாம் போச்சு.

"பாப்பா! சூப்பரா இருக்குது! உனக்கு வீடியோ எடுத்துக்கிட்டு வரேன்!"

எனக்கு உச்சந்தலையில சுள்ளுன்னு ஏறிச்சு. வீடியோவாம்! பொழுதன்னிக்கும் இதேதான். கடலையும் வீடியோவுல பாரு, தேரையும் வீடியோவுல பாரு. இவன் என்னைச் சின்னப் பிள்ளையில முதுகுல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவன்தான், அந்த நன்றி செத்தாலும் போகாது. அதுக்காக நான் காலம்பூரா பை பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுப்பா.

படி ஓரத்துல போய் உக்காந்து கேலிப்பரைக் கழட்டினேன். தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் இரும்பும் தோல்பட்டையுமா இருக்கிற சாமான் அது. மாட்டிக்கிட்டு நடக்கலாம், உக்காந்து நகர முடியாது. அதையும் கட்டையையும் அம்மா பக்கத்துல வெச்சேன்.

"இன்னாடி பண்ற?"

"எறங்கப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? விழுந்து கிழுந்து வெச்சா?"

"விழுந்தா எழுந்துக்கறேன். விழறது எனக்குப் புதுசா?"

"ஊரே பாக்குதுடி. பொம்பளை பிள்ளை தரையில தேச்சிக்கிட்டுப் போவியா?"

"பாக்கட்டும். இத்தினி வருஷம் நான்தானே எல்லாரையும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதுக்குள்ள வாட்ச்மேன் வந்துட்டாரு. "யம்மா, நீங்கள்லாம் எறங்கக் கூடாதும்மா"ன்னாரு. எறங்கக் கூடாதுன்னு போர்டு இருக்குதான்னு கேட்டேன். "போர்டு இல்ல, உங்களால முடியாதேன்னு சொல்றேன்"னாரு. என்னால எது முடியும்னு எனக்குத் தெரியும், நீங்க போயி செவுத்துல பேரு கிறுக்கறவனைப் புடிங்கன்னு சொன்னேன். மனுஷன் முணுமுணுத்துக்கிட்டே தள்ளிப் போய் நின்னாரு.

ரெண்டு கையையும் பக்கத்துல ஊனி, உடம்பைத் தூக்கி, கீழ்ப்படியில வைக்கணும். அப்புறம் கையாலயே இடது காலை எடுத்து முன்னாடி போடணும். அவ்ளோதான் வேலை. ஆனா கல்லு வெயில்ல காஞ்சு கொதிச்சுது. படியெல்லாம் எனக்காகவா கட்டினாங்க, ஆனைக்கும் ராஜாவுக்கும் கட்டினது, ஒவ்வொண்ணும் ஒரு உசரம். ஆட்டுப் புழுக்கை, செத்த இலை, பிளாஸ்டிக் கவர் எல்லாத்துமேலயும் உக்காந்து உக்காந்து புது சுடிதார் நாசமாப் போச்சு. முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? ஒரு பையன் போனைத் தூக்கிப் புடிச்சான். "எடுடா, நல்லா எடு, மூஞ்சி தெரியற மாதிரி எடு"ன்னேன். அவன் போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

நடுவுல ஒரு எடத்துல கை ஓஞ்சு போச்சு. மேலயும் தூரம், கீழயும் தூரம். அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு அங்கயே உக்காந்தேன். அப்பதான் தண்ணி முழுசாத் தெரிஞ்சுது. பச்சைத் தண்ணி, அதுல கோட்டையோட ராஜகிரி மலை தலைகீழா நின்னுக்கிட்டு இருந்துச்சு. திரும்பிப் போக மனசு வரல.

என்னைப் பாத்துட்டு அண்ணன் அலறி அடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்தான். "இரு இரு, நான் தூக்கறேன்"னு குனிஞ்சான்.

"தொடாத. நீ தூக்கினா உன் தோள்பட்டை மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் அதைப் பாக்க வரல."

அவனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் விட்டுக் குடுக்கல. மிச்சப் படியும் எறங்கி, பாசி இல்லாத எடமாப் பாத்து உக்காந்து, ரெண்டு காலையும் தண்ணிக்குள்ள விட்டேன். ஜில்லுன்னு ஏறிச்சு. சூம்பின கால்லயும் ஏறிச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம், சிரிப்பு சிரிப்பா வந்துச்சு.

அந்த நேரம் பாத்து மேல ஒரே கூச்சல். குரங்குக் கூட்டம் வேப்பமரத்துலேர்ந்து எறங்கிடுச்சு. அம்மா என் கட்டையை வெச்சுக்கிட்டு வீசு வீசுன்னு வீசுது. ஒரு குரங்கு புளிசோத்து மூட்டையைத் தூக்கிக்கிட்டு மதில்மேல ஏறிடுச்சு, இன்னொண்ணு வடைப் பொட்டலத்தோட பின்னாடியே போச்சு. அண்ணி ஹேண்ட்பேக்கை நெனச்சு ஓடினாங்க. அது பத்திரமாத்தான் இருந்துச்சு.

அண்ணனுக்குக் கோவம் வந்துடுச்சு. "இதுக்குத்தான் உன்னைப் பாத்துக்கச் சொன்னேன். இப்ப எல்லாரும் பட்டினி."

"பஜார்ல ஓட்டல் இருக்குது, போய் சாப்டலாம். இந்தக் கொளம் பஜார்ல இருக்குதா?"

அவன் பதில் பேசறதுக்குள்ள அண்ணன் பொண்ணு, "பாட்டி!"ன்னு கத்துச்சு. நிமிந்து பாத்தா, அம்மா எறங்குது. புடவையை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, என்னை மாதிரியே படியில உக்காந்து உக்காந்து, தேச்சுக்கிட்டு எறங்குது.

"நீ எதுக்கும்மா வர?"ன்னு அண்ணன் கத்தினான்.

"சோறே போயிடுச்சு. இன்னும் நான் எதைப் பாத்துக்கிட்டு அங்க உக்காந்திருக்கறது?"

வந்து என் பக்கத்துல உக்காந்து, தண்ணியில கையை விட்டு மூஞ்சியைக் கழுவுச்சு. ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "நீ பாக்காததை நான் மட்டும் பாத்து இன்னாடி பண்றதுன்னுதான் எங்கயும் போகல"ன்னு மெதுவாச் சொல்லிச்சு. அழுதுட்டேன். அழறதை மறைக்கவும் இல்ல.

திரும்பும்போது அண்ணன் மறுபடியும் கையை நீட்டினான். அம்மாவைப் புடிச்சுக்கோ, என்னை விடுன்னு சொல்லிட்டேன். ஏறும்போது நான் தண்ணியப் பாத்து உக்காந்தபடியே, பின்னாடி கையை ஊனி, மேல்படிக்கு உடம்பைத் தூக்கிப் போடணும். அவங்க எல்லாரும் கொளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஏறினாங்க. கடைசிப் படி வரைக்கும் தண்ணியப் பாத்துக்கிட்டே ஏறினவ நான் ஒருத்திதான்.