உதட்டில் படாத கோப்பை

குளோரின் மணம் எங்கே வந்தாலும் என் வாய் கரிக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரால் கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தன. கிணற்றுக்குக் குளோரின் போடுவதும், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்கத் தாய்மாரைப் பழக்குவதும் என் தொண்டர் வேலை. "கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. குடுக்க முதல் வாயிலை வைச்சுப் பாருங்கோ" என்று வகுப்பறை வகுப்பறையாகச் சொல்லித் திரிந்தேன்.

துவண்ட பிள்ளையோடு இருந்த ஒரு தாய், தான் கரைத்த கோப்பையை நீட்டினாள்.

"தங்கச்சி, உப்புச் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

அவர்கள் சாதியார் கையால் தண்ணீர் குடிக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். உதட்டருகே கொண்டுபோன கோப்பையைத் தாழ்த்தினேன். குடிக்காமலே, "சரியாத்தான் இருக்கு, குடுங்கோ" என்றேன்.

இரண்டு மிடறில், குடித்ததெல்லாம் வெளியே வரப் பிள்ளை சத்தி எடுத்தது. தகப்பன் கோப்பையைப் பறித்து ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"உது கடல்தண்ணியெல்லோ! நீங்கள் குடிச்சோ பாத்தனீங்கள்?"

சீனித் தட்டுப்பாட்டில் அவள் சீனியைக் குறைத்து உப்பைக் கூட்டியிருந்தாள். நான் புதிதாகக் கரைத்து, முதல் மிடறை நானே குடித்தேன். பிள்ளை பிழைத்தது. அந்தக் கோப்பையை அருவருத்த என் வாயை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

அவர்கள் வேறு முகாமுக்குப் புறப்பட்ட அன்று, தாய் என் கையைப் பிடித்தாள்.

"இனி நீங்கள் போற இடங்களிலையாவது வாயிலை வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ, தங்கச்சி."